நாற்பது விநாடி ஊமை

அத்தியாயம் 11

காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்களத்தில் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், மலை வேலையை மேய்க்கிற கண்டாக்கு செல்லசாமி அந்தக் கடிதத்தை நீட்டினார். தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்க மாட்டார். நாலு பேர் பார்க்கக் கொடுத்தால்தானே அவருக்கு ருசி.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்க பூரணி. மூணு மணிக்கு ஆபிசுக்கு வரணும், தொர கூப்பிடுறாரு. இன்னைக்கு ஒனக்கு வேலை இல்ல."

"என்னத்துக்குங்க?"

"அதுலயே இருக்கு. ஒன் மகன்தான் பெரிய படிப்பாளியாச்சே, வாசிச்சுக் காட்டச் சொல்லு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரென்று பூரணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே இன்னொரு சண்டை நடந்திருக்கும். கையெழுத்தைப் போட்டாள், கடிதத்தை இடுப்பில் செருகினாள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள்.

விடாமல் வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

சனிக்கிழமை காலைப் பெரட்டில், ஆறாம் நம்பர் மலையில் ஓடைப் பக்கத்துச் சவுக்கு மரத்தில் குளவிக்கூடு தொங்குகிறது என்று பூரணி கண்டாக்கிடம் சொன்னாள். பக்கத்தில் நின்ற பேச்சியம்மாவும் நாகலெட்சுமியும் கேட்டார்கள். "குளவிக்குப் பயந்தா கொழுந்து யாரு எடுக்குறது, போங்க போங்க" என்று கண்டாக்கு விரட்டிவிட்டார். பத்து மணிக்குக் கூடு கலைந்தது. நாலு பேருக்குக் கொட்டு. பேச்சியம்மாவுக்குத் தலை, கழுத்து, முதுகு என்று எண்ண முடியாத அளவுக்கு. லொறியில் போட்டு டயகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அங்கிருந்து நுவரெலியாவுக்கு. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இன்னும் அவள் கண் திறக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலமே, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பூரணி கண்டாக்கைப் பிடித்துக்கொண்டாள். அவரும் குதித்தார், அவளும் விடவில்லை. அங்கே வந்து சேர்ந்த அவள் மகன் நிரோஷன் அதைப் போனில் பிடித்தான். பிடித்ததை உலகத்துக்கே போட்டுக் காட்டினான். போன அத்தியாயம் அங்கேதான் நின்றது.

*

லயத்து வீட்டுக்கு வந்தபோது மகள் தர்ஷிகா பாலர் பாடசாலைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் வடிவேல் பெக்டரியில் ராத்திரி வேலை முடிந்து வந்து பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார். நிரோஷன் போர்வைக்குள் கிடந்தான்.

"இத வாசி," என்று கடிதத்தை மகளிடம் கொடுத்தாள் பூரணி.

தர்ஷிகா வாசித்தாள். "ஆறாம் இலக்க மலையில் குளவிக்கூடு இருப்பதை அறிந்திருந்தும் மேலதிகாரிக்கு அறிவிக்காமல், சக தொழிலாளர்களை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றமை தொடர்பாக..." அதற்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை.

"வாசிடி."

"குற்றத்த ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா தகுந்த சான்று காட்டணுமாம். இல்லாட்டி வேலை நிப்பாட்டுவாங்களாம்."

வடிவேல் கோப்பையைக் கீழே வைத்தார். பூரணி தலைத்துண்டை உருவி எடுத்தாள்.

"நான் கூட்டிக்கிட்டுப் போனேனாம். எனக்குத் தெரிஞ்சும் வாயத் தொறக்கலயாம். நாளைக்கு பேச்சியம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான் கொன்னேன்னு எழுதி வச்சிருவானுங்க. அவ புள்ளைங்க மூஞ்சிய நான் எப்புடிப் பாப்பேன்?"

"கேட்டவங்க இருக்காங்களேம்மா. நாகலெட்சுமி அக்கா..."

"அவ காலையில என்னையக் கண்டதும் எலிப்பொந்து தேடுனா. அவ மருமகனுக்கு வேலை போட்டுக் குடுத்ததே கண்டாக்குதான். மத்தவளுங்க? நிறுக்குற எடத்துல இருவது பேரு நின்னு கேட்டாளுங்க. இன்னைக்கு ஒருத்திக்கும் காது கேக்கல."

"அப்ப வீடியோ இருக்குல்ல," என்றாள் தர்ஷிகா. "அதுல அவரே ஒத்துக்கிட்டாருன்னு சொன்னியே."

சொன்னதுதான். அன்றைக்கு நிறுக்கிற இடத்தில் பூரணி, "காலையிலேயே ஒங்ககிட்ட சொன்னேனா இல்லயா?" என்று கேட்டாள். செல்லசாமியும் கோபத்தில், "சொன்ன, அதுக்கு நான் கூட்டுக்குக் காவல் நிக்கணுமா?" என்று கத்தினார். அந்த ஒரு வார்த்தை போதும். இந்தக் கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் வைத்துவிடலாம்.

"எழுப்பு அவன," என்றாள்.

எழுப்ப வேண்டியிருக்கவில்லை. நிரோஷன் விழித்துத்தான் கிடந்தான்.

பூரணியிடம் இருப்பது பட்டன் போன். மூன்று நாளாக ஊரெல்லாம் பார்த்ததை அவள் மட்டும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தியாவில், கோத்தகிரியிலிருந்து அவளுடைய பெரியக்கா மகள் கூப்பிட்டுத் தேம்பித் தேம்பி அழுதபோதுகூட, "எதுக்குடி அழுவுற, நான் நல்லா நாலு வார்த்த கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள். அவள் ஏன் அழுதாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

திரையில் கண்டாக்கு விரலை நீட்டிக் கத்துகிறார். "எரும மாடு மாதிரி நிக்கிற. தோட்டம் என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா? நாளைக்கு மலைப்பக்கம் வந்த, காலை ஒடிச்சிருவேன்." எதிரே பூரணி, தலைத்துண்டு நனைந்து, கொழுந்துப் பையைப் பிடித்தபடி நிற்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. படம் அப்படியே உறைகிறது. பின்னாலிருந்து வயலின் இழுக்கிறது. மேலே பெரிய எழுத்தில்: ஊமையாய் நிற்கும் மலையகத் தாய்.

முடிந்துவிட்டது.

"ம். அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா. நாப்பது செக்கன்."

"நான் பேசுனது எங்கடா?"

நிரோஷன் தலையைச் சொறிந்தான். "நாலாயிரத்து எழுநூறு பேரு பாத்திருக்காங்கம்மா."

"நான் அதக் கேக்கல. நான் பேசுனது எங்க?"

"அது நீளம்மா. நான் மூணாப் பிரிச்சுப் போட்டேன். ஒன் போட்டோவ பிக்சல்ஃபெட்ல போட்டேன். இந்தத் துண்ட லூப்ஸ்ல போட்டேன். முழு வீடியோ, பதினோரு நிமிஷம், அத பியர்டியூப்ல போட்டேன்."

"என்னடா பேரு இதெல்லாம்?"

தர்ஷிகா குறுக்கே வந்தாள். அண்ணன் விளக்கினால் இன்றைக்குக் கொலை விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இது ஒரு கம்பனி நடத்துறது இல்லம்மா. உலகம் பூரா ஆயிரக்கணக்கான ஆளுங்க, அவங்கவங்க கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஒரு எடமா வச்சு நடத்துறாங்க. போட்டோவுக்கு ஒரு ஆப், குட்டி வீடியோவுக்கு ஒரு ஆப், நீள வீடியோவுக்கு ஒண்ணு, பாட்டுக்கு ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணு. ஆனா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தொடுப்பு. போட்டோ ஆப்புல இருக்கிறவங்க வீடியோ ஆப்புல போட்டதுக்கு பதில் எழுதலாம். நம்ம தோட்டத்து இளைஞர் மன்றத்துப் பக்கத்த யாரோ புகார் குடுத்து மூட வச்சாங்கல்ல, அதுக்கப்புறம்தான் அண்ணன் இங்க வந்தது. இத ஒருத்தன் நெனச்சா மூட முடியாதுன்னு."

"அப்ப என் மூஞ்சி எத்தன எடத்துல இருக்கு?"

அது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

"ஏன்டா, நான் நின்னது நாப்பது செக்கன். பேசுனது பத்து நிமிஷம். பேசுனத விட்டுட்டு நின்னத எடுத்துப் போட்டிருக்க. ஊமையா நானு?"

"பாவமா இருந்தாத்தாம்மா பாப்பாங்க. சண்ட போடுற பொம்பளையப் பாத்தா அடுத்த வீடியோவுக்குப் போயிருவாங்க."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டான். பூரணி கையிலிருந்த தலைத்துண்டை அவன் மேல் விட்டெறிந்தாள்.

"ஒங்கப்பன் வீட்டு ஆளுங்கதான் என்னைய வாயாடின்னு சொல்லுவாங்க. அதயாச்சும் பொறுத்துக்கலாம். நீ என் வாய வெட்டிப் போட்டுட்டு மூஞ்சிய மட்டும் ஊருக்குக் காட்டியிருக்க. கோத்தகிரியில ஒக்காந்து அவ அழுவுறா, ஐயோ சித்தி இப்புடி நின்னுச்சேன்னு. ஒரு வார்த்த கேட்டியாடா என்னைய? போடவாம்மான்னு கேட்டியா?"

"ஒனக்காகத்தாம்மா போட்டேன்."

"எனக்காகன்னா என்னையத்தானே கேக்கணும்." அவள் மூச்சு வாங்கினாள். "சரி. முழுசக் காட்டு. அத எடுத்துக்கிட்டு மூணு மணிக்குப் போறேன்."

நிரோஷன் அப்பாவைப் பார்த்தான். வடிவேல் தரையைப் பார்த்தார்.

"என்னா?"

"நாந்தான் அழிக்கச் சொன்னேன்," என்றார் வடிவேல். "நேத்து சாயங்காலம் கண்டாக்கு பெக்டரி வாசல்ல என்னைய நிப்பாட்டுனாரு. புது வீட்டு லிஸ்ட்ல நம்ம பேரு இருக்கணும்னா மகன் போட்டத எடுக்கச் சொல்லுன்னாரு. இவன் மூணையும் எடுத்துட்டான்."

"எடுத்துட்டான்னா, இப்ப நான் பாத்தது?"

"அத வேற ஆளுங்க ஏற்கனவே எறக்கி, அவங்கவங்க எடத்துல போட்டுட்டாங்கம்மா," என்றான் நிரோஷன். அவன் குரல் இப்போது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் என்னோடத அழிச்சாலும் அது அங்க இருக்கும். போட்டோவும் அப்புடித்தான். முழு வீடியோவ பதினேழு பேருதான் பாத்தாங்க. அது நான் போட்ட எடத்துல மட்டும்தான் இருந்துச்சு. அழிச்சதும் போயிருச்சு."

"ஒன் போன்ல?"

"போன்ல எடம் பத்தல. ஏத்தியாச்சே, இனி எங்கயும் போவாதுன்னு அன்னைக்கே அழிச்சிட்டேன்."

அவ்வளவுதான். போக வேண்டியது நிற்கிறது, நிற்க வேண்டியது போய்விட்டது. பூரணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு ஆம்பிளைகளும் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் வடிவேலைப் பார்த்தாள்.

"இருவத்தெட்டு வருசம் ஒங்ககூட இருக்கேன். கண்டாக்கு வந்து பேசுனாருன்னு ராத்திரி எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? என் வீடியோவ போடுறதும் ஒருத்தன், அழிக்கிறதும் ஒருத்தன். நடுவுல நான் யாரு?"

வடிவேல் ஆறிப்போன பிளேன்டீயை எடுத்துக் குடித்தார்.

தர்ஷிகா அதற்குள் அண்ணன் போனை வாங்கிக் குடைந்துகொண்டிருந்தாள். பாலர் பாடசாலைக்கு நேரமாகிவிட்டது, அவள் அதைப் பற்றி நினைக்கவில்லை.

"அண்ணே, ஒனக்கு மெயில் வந்திருக்கு. சனிக்கிழம ராத்திரி வந்தது. நீ பாக்கவே இல்லயா?"

"என்ன மெயிலு?"

"முழு வீடியோவுக்குக் கீழ ஒருத்தங்க எழுதுனது. வீடியோ போனாலும் மெயிலு இருக்கு." அவள் வாசித்தாள். "'இத யாராவது அழிக்கச் சொல்லுவாங்க. நான் முழுசையும் எறக்கி வச்சிருக்கேன்.' எழுதுனது ஈரவெயில்னு ஒரு பேரு. போட்டோ ஆப்புல இருந்து எழுதியிருக்காங்க."

"யாருன்னு பாரு," என்று பூரணி எழுந்து வந்தாள்.

ஈரவெயிலுக்கு முகம் இல்லை. சொந்தப் பேர் இல்லை, ஊர் இல்லை. அறுபது எழுபது படங்கள் மட்டும். பனி மூடிய மலை, ஈரக் கம்பியில் உட்கார்ந்த குருவி, வெயில் விழுந்த தேயிலை. நிரோஷன் உதட்டைப் பிதுக்கினான். தர்ஷிகா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"நிப்பாட்டு. அதப் பெருசாக்கு."

சிமெந்துப் படி ஒன்று, ஓரம் உடைந்தது. அதன் மேல் நீலப் பெயின்ட் அடித்த பால்மா டின். டின்னுக்குள் பிகோனியாச் செடி. பக்கத்தில் வால் அறுந்த பூனை.

"இது கண்டாக்கு குவாட்டர்ஸ் வீட்டுக் குசினிப் படி," என்றாள் பூரணி. "போன தீவாளிக்கு பலகாரம் சுட என்னையக் கூப்பிட்டாங்கல்ல. ரெண்டு நாளு இந்தப் படியிலதான் ஒக்காந்து மாவு சலிச்சேன். இந்தப் பூன என் காலுக்குள்ளயேதான் கெடந்துச்சு."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"அவரு மக கிருஷாந்தி," என்றாள் தர்ஷிகா மெதுவாக. "கெம்பஸ்ல படிச்சிக்கிட்டிருக்கு, லீவுக்கு வந்திருக்கு."

நிரோஷனுக்கு உயிர் வந்துவிட்டது. "குடு போன. இப்பவே எழுதுறேன், கண்டாக்கு மககிட்டயே சாட்சி இருக்குன்னு. எல்லா ஆப்புலயும் போடுறேன். அவரு எப்புடி..."

பூரணி போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தொட்ட, கைய முறிச்சிருவேன்."

*

மூன்று மணிக்கு ஆபிஸ். தோட்டத்து மனேஜர் தொர நாற்காலியில், கண்டாக்கு பக்கத்தில் நின்றபடி, பூரணி மேசைக்கு இந்தப் பக்கம். அங்கே இன்னொரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தொர வயசில் சின்னவர், போன வருஷம்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தார். சிங்களம் கலந்த தமிழில் பேசுவார். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி, அதே நாற்பது விநாடியை ஓடவிட்டார். தொர வயலின் சத்தத்தைக் குறைத்தார். அந்த ஒரு மரியாதை செய்தார், சொல்ல வேண்டும்.

"பூரணி, இது ஒங்க மகன் எடுத்தது. சரியா?"

"ஆமாங்க."

"கண்டாக்கு பேசினது சரி இல்ல. அதுக்கு நான் அவருக்கு வார்னிங் குடுத்தாச்சு. ஆனா பாருங்க, இதில நீங்க ஒண்ணும் சொல்லல. காலையில குளவி பத்திச் சொன்னீங்கன்னா, அவரு ஏசுற நேரம் அதச் சொல்லியிருப்பீங்கதானே? ஏன் சும்மா நின்னீங்க?"

பாருங்கள் அநியாயத்தை. பெற்ற மகன் வெட்டியது, அவள் கழுத்துக்கே வந்து நிற்கிறது.

"சொன்னேங்க. அதுக்கப்புறம் பத்து நிமிசம் பேசுனேன். இது வெட்டுன துண்டு. முழு வீடியோவுல இவரே ஒத்துக்கிட்டாரு."

"முழு வீடியோன்னு ஒண்ணு இல்லங்க தொர," என்றார் செல்லசாமி. "இருந்தா மகன் போட்டிருப்பானே. உலகத்துக்கே போடுற பய."

"இருந்துச்சு. நீங்கதான் என் வீட்டுக்காரர மெரட்டி அழிக்க வச்சீங்க."

"பாத்தீங்களா, இப்ப அழிஞ்சு போச்சுங்கிறா."

தொர பேனாவை உருட்டினார். "பூரணி, நாளைக்கு லேபர் ஆபிஸ்ல இருந்து வாறாங்க. பேச்சியம்மா கேஸ். நான் ரிப்போர்ட் எழுத வேணும். ஒங்ககிட்ட ஏதும் சாட்சி இருக்கா? இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க."

பூரணி செல்லசாமியைப் பார்த்தாள். கஞ்சி போட்ட சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் துடைத்தெறிய ஒரு பெயர் போதும். ஒங்க மககிட்டதான் இருக்கு கண்டாக்கய்யா. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. வெறி என்றே சொல்லலாம்.

சொன்னால், இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். மாவு சலித்த இரண்டு நாளில், அந்த மனுஷன் வீட்டுக்குள் வந்ததும் தாயும் மகளும் பேச்சை நிறுத்துவதை அவள் பார்த்திருந்தாள்.

"இருக்குங்க," என்றாள்.

செல்லசாமியின் சிரிப்பு நின்றது.

"யாருகிட்ட?"

"அது அவங்களக் கேக்காம சொல்ல மாட்டேங்க."

"என்ன பேச்சு இது?" என்றார் தொர.

"என்னையக் கேக்காமத்தான் என் மூஞ்சிய நாலாயிரம் பேருக்குக் காட்டுனாங்க. என்னையக் கேக்காமத்தான் நான் பேசுனத அழிச்சாங்க. அதே வேலைய நான் இன்னொருத்தருக்குச் செய்ய மாட்டேன். நாளைக்குப் பெரட்டு வரைக்கும் டைம் குடுங்க. கொண்டு வந்தா கொண்டு வாறேன். இல்லன்னா வேலைய நிப்பாட்டிக்கங்க. ஆனா நான் சொல்லலன்னு எழுதிக் குடுத்து கையெழுத்துப் போட மாட்டேன். செத்தாலும் போட மாட்டேன்."

தொர பேனாவை மூடி வைத்தார். "நாளைக்கு ஏழு மணி," என்றார்.

வெளியே மாமரத்தடியில் நிரோஷன் நின்றிருந்தான். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"ஒரு பேரும்மா. ஒரே ஒரு பேரு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏம்மா சொல்லல?"

"அந்தப் புள்ளய கேட்டியாடா நீ?"

"கேக்குறதுக்கு எங்க நேரம்? நாளைக்கு ஏழு மணிக்கு..."

"நேரம் இருக்கு. எனக்குக் காலு இருக்கு. இந்தா ஒன் போன். நீ வீட்டுக்குப் போ. போயி அந்த நாப்பது செக்கன யாரு யாரு வச்சிருக்காங்களோ, ஒவ்வொருத்தருக்கும் எழுது. எங்கம்மா ஊமை இல்ல, நான் வெட்டிட்டேன்னு எழுது. அத நான் சொல்லணுமா ஒனக்கு?"

முதல் தடவையாக அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் இருந்தாலும் நல்லதுதான்.

*

செல்லசாமி ஆறு மணி வரைக்கும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் இருப்பார். பூரணி ஐந்தரைக்குக் குவாட்டர்ஸ் போய்ச் சேர்ந்தாள். லயத்து ஆட்கள் அந்த வீட்டுக்குப் பின்னால், குசினிப் பக்கமாகத்தான் போவார்கள். அவள் முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினாள்.

கிருஷாந்திதான் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மா இல்லயா பாப்பா?"

"கோயிலுக்குப் போயிருக்காங்க."

"நான் ஒன்னையத்தான் ஒண்ணு கேக்க வந்தேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்." கோபம் வரும் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் சொன்னாள்.

"வீடியோதானே," என்றாள் கிருஷாந்தி.

"ஆமா. நீதான்னு எங்க வீட்டத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஆபிஸ்ல கேட்டாங்க, சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஞாயித்துக்கெழமையே அப்பா என் போன வாங்கிட்டாரு."

"அதுலதான் இருந்துச்சா?"

"இல்ல. அது வேற ஒரு எடத்துல, வேற பேருல ஏத்தி வச்சிருக்கேன். யாருக்கும் காட்டாம. எனக்கு மட்டும்தான் தெரியும்." கீழே பாதையை எட்டிப் பார்த்தாள். "நான் குடுத்தா அப்பாவுக்கு என்னாகும்?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சும்மா பேச்சுக்கு விசாரிப்பாங்க பாப்பா என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அப்போதே கொடுத்திருக்கும்.

"வேலை போவும்," என்றாள் பூரணி. "இந்த வீட்டையும் விட்டுப் போகணும். பேச்சியம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொலிஸும் வரும். ஒங்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

கிருஷாந்தியின் கண்ணில் நீர் முட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"வீடியோவுல கடைசியில நீங்க அப்பாகிட்ட ஒண்ணு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

பூரணிக்கு ஞாபகம் இல்லை. அன்றைய ஆத்திரத்தில் என்னென்னவோ கேட்டிருந்தாள்.

"'கூடு இருக்குன்னு தெரிஞ்சும் ஒங்க மகள அந்த மரத்தடிக்கு அனுப்புவீங்களா'ன்னு கேட்டீங்க. அப்பா பதில் சொல்லல. மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்காகத்தான் நான் அத எறக்கி வச்சேன். ஞாயித்துக்கெழம சோறு போடுறப்ப நானும் அதையே கேட்டேன், அனுப்புவீங்களாப்பான்னு. அதுக்குத்தான் போன வாங்குனாரு. அடிச்சாரு. பதில் மட்டும் இன்னும் சொல்லல."

கீழே வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஆறு மணி இன்னும் ஆகவில்லை. ஆபிசில் சிரிப்பு நின்றபோதே அந்த மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"நான் போறேன் பாப்பா. என்னைய இங்க பாத்தா ஒன்னையத்தான்..."

"போகாதீங்க," என்றாள் கிருஷாந்தி. கதவை அகலத் திறந்து வெளியே வந்து, பூரணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். "இன்னொரு தடவ கேளுங்க. நானும் நிக்கிறேன். அவரு என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு, குடுக்கிறதா வேணாமான்னு சொல்றேன்."

மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. செல்லசாமி இறங்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பூரணி படியை விட்டு இறங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சனிக்கிழமை கேட்ட அதே கேள்வியை எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.